கேட்டவர் ஒருவர், பேசியது ஒரு நகரம்

தன் ஊரைப் பற்றிப் பாட்காஸ்ட் தொடங்குகிறவர் முதலில் ஒரு பட்டியல் போடுகிறார். பெயரைச் சொன்னால் ஊரே அறிந்தவர்கள் அதில் இருப்பார்கள்: பழைய மேயர், நாடகக்காரர், விளையாட்டு வீரர், மூன்று தலைமுறையாகக் கடை நடத்தும் குடும்பத்தின் வாரிசு, நாளிதழில் நெடுங்காலம் பத்தி எழுதியவர். அந்தப் பட்டியலில் தவறேதும் இல்லை. ஆனால் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். எவ்வளவு பெரிய நகரமானாலும் அதன் பிரமுகர்கள் ஒரு கூடத்துக்குள் அடங்கிவிடுவார்கள். பட்டியல் தீர்ந்த அன்றுதான் உண்மையான கேள்வி எழுகிறது. இந்த ஊரில் இனி யாரிடம் பேசுவது? அந்தக் கேள்வியோடு நாற்பத்தைந்து ஆண்டுகள் உழைத்த ஒருவர் சிகாகோவில் இருந்தார். பாட்காஸ்ட் என்ற சொல் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே அவர் தம் வேலையைத் தொடங்கிவிட்டார்.

ஸ்டட்ஸ் டெர்க்கல் 1952 முதல் 1997 வரை சிகாகோவின் டபிள்யூ.எஃப்.எம்.டி. வானொலியில் பேட்டி நிகழ்ச்சி நடத்தினார். இன்று ஆவணமாக நிற்பவை 5,600க்கும் மேற்பட்ட பதிவுகள். வந்தவர்களின் பெயர்களைப் பார்த்தால் இருபதாம் நூற்றாண்டே அந்த ஒலிக்கூடத்துக்குள் வந்துபோனதுபோல் இருக்கும். மார்ட்டின் லூதர் கிங் பேசியிருக்கிறார். இருபத்திரண்டு வயதுகூட நிறையாத பாப் டிலன் 1963இல் வந்திருக்கிறார். சிகாகோவின் சொந்தப் பிள்ளைகளும் உண்டு: கவிதைக்காக 1950இல் புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினப் படைப்பாளி க்வெண்டலின் ப்ரூக்ஸ், நகரத்தின் இருண்ட சந்துகளை நாவலாக்கிய நெல்சன் ஆல்கிரன், கறுப்பர்களுக்கு வீடு விற்கக் கூடாதென்ற ஒப்பந்தங்களை எதிர்த்து நீதிமன்றம் சென்ற குடும்பத்தின் மகளான நாடகாசிரியர் லொரெய்ன் ஹான்ஸ்பெரி.

புகழ்பெற்றவரைப் பேட்டி எடுப்பதில் உள்ள சிக்கல், அவரிடம் பதில்கள் தயாராக இருக்கும் என்பது. நூறு பேர் கேட்ட கேள்விக்கு நூறு முறை சொன்ன பதில் நாவிலேயே இருக்கும். டெர்க்கல் அதைக் கடந்த விதத்துக்கு எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினுடன் 1961இல் நடந்த உரையாடல் நல்ல சான்று. அது கேள்வியோடு தொடங்கவில்லை. பெஸ்ஸி ஸ்மித் பாடிய ப்ளூஸ் இசைத்தட்டு ஒன்றோடு தொடங்குகிறது. பால்ட்வின் சுவிட்சர்லாந்தின் மலைக்கிராமம் ஒன்றில் தங்கித் தம் முதல் நாவலை முடிக்கப் போராடியபோது அந்தப் பாடகியின் இசைத்தட்டுகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அதை அவரே எழுதியிருந்தார், டெர்க்கல் படித்திருந்தார். பாட்டு முடிந்ததும் பேசத் தொடங்கும் பால்ட்வின் மேடைப் பேச்சாளராக இல்லை. தாம் மறைத்துவைக்க முயன்ற ஒரு மொழியை, ஒரு பிள்ளைப்பருவத்தை எப்படித் திரும்பப் பெற்றார் என்று நினைவில் துழாவியபடி பேசுகிறார். விருந்தினரின் புத்தகத்தை ஓரமெல்லாம் குறிப்பெழுதி, அடிக்கோடிட்டுப் படித்துவிட்டு வருவது டெர்க்கலின் வழக்கம். அந்த உழைப்பு ஒரு மரியாதை. உன் நேரத்துக்கு முன்பே என் நேரத்தை உனக்குக் கொடுத்துவிட்டேன் என்று எதிரே இருப்பவருக்குச் சொல்லாமல் சொல்வது.

இந்தக் காது எங்கே பழகியது? டெர்க்கல் 1912இல் நியூயார்க்கில் பிறந்தவர். எட்டு வயதில் சிகாகோவுக்கு வந்தார். அவருடைய பெற்றோர் வெல்ஸ் தெருவும் கிராண்ட் அவென்யூவும் சேரும் முனையில் ஒரு தங்கும் விடுதியை நடத்தினார்கள். அறை எடுத்துத் தங்கியவர்கள் பெரும்பாலும் தனியாட்கள்: கைத்தொழிலாளர்கள், ஓய்வுபெற்றவர்கள், ஊர் ஊராக வேலை தேடிப் போகிறவர்கள். மாலையில் விடுதி முகப்பில் தொழிற்சங்கக்காரருக்கும் சங்கத்தை வெறுப்பவருக்கும் வாக்குவாதம் நடக்கும். 1929க்குப் பிறகு பெருமந்தம் வந்ததும் பகலிலும் அங்கே ஆட்கள் உட்கார ஆரம்பித்தார்கள். வேலை இல்லாதவன் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வதை, அந்தக் கசப்பு அற்பச் சண்டையாக வெடிப்பதை அந்த இளைஞன் அருகிலிருந்து பார்த்தான். கொஞ்ச தூரத்தில் ‘பக்ஹவுஸ் ஸ்கொயர்’ என்று ஊரார் அழைத்த பூங்கா. அங்கே பெட்டிமீது ஏறி நின்று யார் வேண்டுமானாலும் எதைப் பற்றியும் முழங்கலாம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1934இல் சட்டப் பட்டம் வாங்கினார். அதைக் கொண்டு பிழைக்கவில்லை. விடுதி முகப்பும் பூங்காவும் கற்றுக்கொடுத்ததைத்தான் வாழ்நாள் முழுக்கச் செய்தார்.

அவர் வானொலியில் நிலைத்ததற்குப் பின்னால் ஒரு தண்டனையும் இருக்கிறது. தொலைக்காட்சியின் தொடக்க காலத்தில் ‘ஸ்டட்ஸ் ப்ளேஸ்’ என்ற நிகழ்ச்சி அவருக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது. இனவொதுக்கலுக்கும் வாக்குரிமை வரிக்கும் எதிரான மனுக்களில் அவர் கையெழுத்திட்டிருந்தார். கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அந்த ஆண்டுகளில் அதுவே போதுமான குற்றம். கையெழுத்தைத் திரும்பப் பெற மறுத்தார், நிகழ்ச்சி நின்றது. பின்னர் மஹாலியா ஜாக்சனின் வானொலித் தொடருக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, அரசு விசுவாச உறுதிமொழியில் கையெழுத்திடும்படி ஒரு நிறுவன அதிகாரி அவரிடம் கேட்டார். டெர்க்கல் மறுத்தார். அவரை அனுப்பினால் வேறொரு மஹாலியாவைத் தேடிக்கொள்ளுங்கள் என்று பாடகி சொல்லிவிட்டார். பேச்சு அத்தோடு அடங்கியது. டெர்க்கல் பிறர் வாயைத் திறக்கவைத்த மனிதர் மட்டுமல்ல, தம் சொல்லுக்கு விலை கொடுத்தவர். பேசுகிறவர்கள் அவரை நம்பியதில் இதற்கும் பங்கிருக்கும் என்றே நினைக்கிறேன்.

1960களின் நடுவில் நியூயார்க் பதிப்பாளர் ஆந்த்ரே ஷிஃப்ரின் ஒரு யோசனை சொன்னார். சீனக் கிராமம் ஒன்றின் மக்களைப் பேசவைத்து யான் மிர்தால் ஒரு நூல் செய்திருந்தார். அதுபோல் ஓர் அமெரிக்க ஊரை, சிகாகோவை, பேசவைத்தால் என்ன? 1967இல் வெளிவந்த ‘டிவிஷன் ஸ்ட்ரீட்: அமெரிக்கா’ அப்படித்தான் பிறந்தது. டிவிஷன் தெரு நிஜமாகவே உள்ள தெரு. கிழக்கு முனையில், ஏரிக்கரையை ஒட்டி, செல்வந்தர்களின் கோல்டு கோஸ்ட். அங்கிருந்து மேற்கே நடந்தால் சிறிது தூரத்திலேயே கப்ரீனி-கிரீன் என்ற அரசுக் குடியிருப்பின் அடுக்குமாடிகள் அன்று நின்றன. இன்னும் மேற்கே போனால் போலந்துக்காரர்களின் வட்டாரம், அப்பால் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களின் வீடுகள். 1966 ஜூனில் போலீஸ்காரர் ஒருவர் போர்ட்டோ ரிக்க இளைஞனைச் சுட்டதைத் தொடர்ந்து அந்தத் தெருவில் கலவரம் மூண்டது. அதே கோடையில், குடியிருப்பில் இனவொதுக்கலை எதிர்த்து ஊர்வலம் போன மார்ட்டின் லூதர் கிங்கின் தலையில் மார்க்கெட் பார்க் பகுதியில் கல் விழுந்தது. இப்படிக் கொந்தளித்த நகரத்தில், ஒரு தெருவோடு நிற்காமல், டெர்க்கல் எழுபது பேரிடம் பேசினார். கறுப்பர், வெள்ளையர், செவ்விந்தியர், வீட்டு உரிமையாளர், குடியிருப்பவர், வெறுப்பைப் பேசியவர், அதை எதிர்த்து நின்றவர் எல்லாரும் ஒரே நூலில் அடுத்தடுத்து அமர்ந்தார்கள்.

அந்த நாட்களில் நடந்த ஒன்றை டெர்க்கல் பிற்காலத்தில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அரசுக் குடியிருப்பில் வசித்த ஓர் இளம் தாயைச் சந்தித்தார். மெலிந்த உடம்பு, கெட்டுப்போன பல்வரிசை, காலைச் சுற்றி மூன்று நான்கு குழந்தைகள். அவள் கறுப்பினப் பெண்ணா வெள்ளைப் பெண்ணா என்பதே தமக்கு நினைவில்லை என்பார். பேசி முடிந்ததும் அம்மாவின் குரலைக் கேட்கவேண்டும் என்று குழந்தைகள் துள்ளின. நாடாவைப் பின்னோக்கிச் சுழற்றி ஓடவிட்டார். தன் குரலை அதற்கு முன் அவள் கேட்டதே இல்லை. கையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். தனக்குள் இப்படியெல்லாம் ஓர் உணர்வு இருந்தது இதுவரை தனக்கே தெரியாது என்றாள்.

பேட்டி என்ற கலையைப் பற்றி நான் அறிந்தவற்றில் இதைவிட ஆழமானது இல்லை. பேட்டி எடுப்பவர் தகவல் வாங்கப் போகிறார் என்று நினைக்கிறோம். எதிரே இருப்பவருக்குள் ஏற்கெனவே தயாராக இருக்கும் ஒன்றை வெளியே எடுப்பதுதான் வேலை என்று நினைக்கிறோம். அந்தப் பெண்ணுக்குள் அது தயாராக இல்லை. கேட்க ஒருவர் வந்து உட்கார்ந்ததால் அது சொல்லாக உருக்கொண்டது. அவள் தன்னை அறிந்துகொண்ட நேரமும் நாம் அவளை அறிந்துகொண்ட நேரமும் ஒன்றே. பிரமுகரிடம் இது எளிதில் நடக்காது. அவர் தம் கதையைப் பலமுறை சொல்லிச் சொல்லி அதன் சொந்தக்காரர் ஆகிவிட்டார். அவளோ தன் கதையின் சொந்தக்காரி ஆனது அந்த நாடா சுழன்ற நிமிடத்தில்தான். ஊரறிந்த மனிதர் என்று சிலரை மட்டும் சொல்கிறோமே, அது அவர்களுடைய சாதனையால் மட்டும் அமைவதில்லை. அவர்களைக் கேட்க ஆள் இருந்தது என்பதும் அதில் சரிபாதி.

டெர்க்கலுக்கு இயந்திரம் கைவராது. கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை, பேருந்தில்தான் போவார். ஒலிப்பதிவுக் கருவியும் அவரிடம் அடிக்கடி முரண்டு பிடித்தது. தவறான பொத்தானை அழுத்திப் பெரிய கலைஞர்களின் பேட்டிகளைக்கூட அழித்திருக்கிறார். ஆனால் எளிய வீடுகளில் இதுவே அவருக்குத் துணையாயிற்று. நாடா சுழலவில்லையே ஐயா என்று பேச வந்தவர் எடுத்துச் சொல்வார். அவரே குனிந்து சரிசெய்ய உதவுவார். வந்திருப்பவர் மேலிடத்திலிருந்து வந்த விசாரணைக்காரர் அல்ல, தன் உதவி தேவைப்படும் ஒரு மனிதர் என்று அந்த நொடியில் தெளிந்துவிடும். அதன்பின் வரும் பேச்சில் பயம் இருக்காது. நேர்த்தியான விளக்குகளும் விலையுயர்ந்த மைக்குகளும் நிறைந்த இன்றைய ஒலிக்கூடங்களில் இந்தச் சமநிலையை உண்டாக்குவது கடினம். கருவி பளபளக்கப் பளபளக்க, எதிரே உட்கார்ந்திருப்பவர் தம் சொல்லைத் திருத்திக்கொண்டே போகிறார்.

1974இல் வந்த ‘வொர்க்கிங்’ நூலில் அவர் தம் தேர்வை வெளிப்படையாகவே சொன்னார். மதகுருமார், மருத்துவர்கள், அரசியல்வாதிகள், பத்திரிகையாளர்கள், எழுத்தாளர்கள் ஆகியோரைப் பெரும்பாலும் விட்டுவிட்டார். அவர்களுக்குப் பேசத் தெரியும், பேச வேறு மேடைகளும் உண்டு என்பது அவர் சொன்ன காரணம். அவர் போனது உணவு பரிமாறும் பெண்ணிடம், எஃகாலைத் தொழிலாளியிடம், தொலைபேசி இணைப்புக் கொடுப்பவரிடம், குழி வெட்டுபவரிடம், கல்தச்சரிடம், கார் ஆலையில் பற்றவைப்பவரிடம். நாள் முழுக்க என்ன செய்கிறாய், அதைச் செய்யும்போது உனக்குள் என்ன நடக்கிறது என்ற இரண்டே கேள்விகள்தான் அந்தப் பெரிய நூலின் ஆதாரம். முதல் கேள்விக்கு வரும் பதிலில் தொழில் நுணுக்கம் இருக்கிறது. இரண்டாவதற்கு வரும் பதிலில் அவமானம், பெருமிதம், சலிப்பு, கனவு எல்லாம் இருக்கின்றன. அந்த இரண்டாம் கேள்வியை அவர்களிடம் அதுவரை ஒருவரும் கேட்டிருக்கவில்லை. பெரும் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. சிகாகோவின் மாபெரும் கால்நடைச் சந்தை 1971இலும், தெற்குக் கரையின் சௌத் வொர்க்ஸ் எஃகாலை 1992இலும் முடிவுக்கு வந்தன. அந்த உழைப்பின் உலகம் கட்டடமாக மிஞ்சவில்லை. உழைத்தவர்களின் பேச்சாக மிஞ்சியிருக்கிறது.

புகழ் என்பது ஒருவர் விரும்பாமலும் வந்து சேரலாம் என்பதற்கும் அதே நகரத்தில் சாட்சி உண்டு. மேமி டில்-மோப்லியின் பதினான்கு வயது மகன் எம்மெட் 1955இல் கோடை விடுமுறைக்கு மிசிசிப்பி போனவன், அங்கே வெள்ளையர்களால் கொல்லப்பட்டான். சிதைந்த முகத்தை ஊர் பார்க்கட்டும் என்று தாய் சவப்பெட்டியை மூட மறுத்தார். சிகாகோவில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று பார்த்தார்கள். நாடு அவரை அந்த ஒரு நாளோடு நினைவு வைத்தது. அவர் அதன்பின் ஆசிரியப் பயிற்சி பெற்றுச் சிகாகோ பள்ளிகளில் நெடுங்காலம் பாடம் சொல்லிக் கொடுத்தார். இனம் பற்றி டெர்க்கல் 1992இல் வெளியிட்ட ‘ரேஸ்’ நூலில் அவர் பேசுகிறார். அந்த ஒரு நாளுக்குப் பிறகும் நீண்டுகொண்டே போன வாழ்க்கையின் குரல் அது. ஊரறிந்தவரிடம் போகும்போது கேட்கவேண்டியது இதைத்தான்: ஊர் அறிந்த அந்த நாளுக்குப் பிறகு எப்படி வாழ்ந்தீர்கள்?

டெர்க்கலின் முறையிலும் எண்ணிப்பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நூலாக்கும்போது அவர் தம் கேள்விகளில் பெரும்பாலானவற்றை நீக்கிவிட்டார். பேச்சைச் சுருக்கி, வரிசை மாற்றி, ஒருவர் தாமாகவே கொட்டித் தீர்த்ததுபோல் அமைத்தார். டன் கணக்கில் மண்ணைத் தோண்டிப் பொன்துகளைச் சலித்தெடுப்பதற்கு அதை ஒப்பிடுவார். படிக்க அது அற்புதம். ஆனால் தயங்கிய இடம், சிரித்த இடம், தொண்டை அடைத்த இடம், எந்தக் கேள்விக்குப் பின் எந்த மௌனம் என்பதெல்லாம் அச்சில் இல்லாமல் போயின. பலருக்குப் பெயரும் மாற்றப்பட்டிருந்தது. அது அவர்களுக்குப் பாதுகாப்பு. அதே சமயம், கேட்டவர் உலகப் புகழ் பெற்றார், பேசியவர்கள் வேறு பெயருக்குப் பின்னால் நின்றார்கள். இந்தக் கடனை நூலால் தீர்க்க முடியாது.

குரலால் ஓரளவு தீர்க்கலாம். நாடாக்கள் அழியாமல் இருந்ததுதான் பேறு. வானொலி நிலையமும் சிகாகோ வரலாற்று அருங்காட்சியகமும் அவற்றைக் காத்தன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் எண்ணிம வடிவுக்கு மாற்றும் பணியில் கைகொடுத்தது. 2018இல் வானொலிப் பேட்டிகளின் இணையக் காப்பகம் திறக்கப்பட்டது. பின்னர், சிகாகோவின் பத்தி எழுத்தாளர் மேரி ஷ்மிக்கும் பத்திரிகையாளர் மெலிசா ஹாரிஸும் ‘டிவிஷன் ஸ்ட்ரீட் ரீவிசிட்டட்’ என்ற பாட்காஸ்டை உருவாக்கி 2025இல் வெளியிட்டார்கள். 1967 நூலில் பேசியவர்கள் சிலர் உண்மையில் யார், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று தேடிப்போய், அவர்களின் பிள்ளைகளையும் உறவினரையும் கண்டுபிடித்து, பழைய நாடாக்களோடு சேர்த்துப் பேசவைத்த தொடர் அது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, பெற்றவரின் குரலைப் பிள்ளை கேட்கிறது. அந்தக் குரலில் இருப்பவருக்கு இப்போது கேட்கும் பிள்ளையைவிட வயது குறைவு. அப்பா எதற்காகச் சிகாகோ வந்தார், அம்மா எதைக் கண்டு அஞ்சினார் என்பதை வீட்டில் சொல்லாமல் ஓர் அந்நியரின் கருவியிடம் சொல்லிவைத்திருந்தார்கள். அவர்களுடைய பெயரும் குரலும் வீடு திரும்பின. நகரத்தைப் பேட்டி எடுப்பது கடைசியில் யாருக்காக என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை.

டெர்க்கலின் பாதிப்பில் பிறந்த ‘ஸ்டோரிகார்ப்ஸ்’ அமைப்பு 2003இல் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் தன் முதல் ஒலிப்பதிவுக் கூண்டை வைத்தது. நெருங்கிய இருவர் உள்ளே போய் நாற்பது நிமிடம் பேசினார்கள், ஒரு பிரதி நாடாளுமன்ற நூலகத்துக்குப் போனது. அதைத் திறந்துவைக்கத் தொண்ணூற்றொரு வயதில் டெர்க்கல் போயிருந்தார். இந்த மாபெரும் நிலையத்தின் கட்டடக் கலைஞரை எல்லாரும் அறிவோம், இரும்பைத் தூக்கி நிறுத்தியவர் யார், தரையைத் துடைத்தவர் யார் என்று அங்கே கேட்டார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2008 அக்டோபர் 31இல் சிகாகோவில் காலமானார். அவர் மறைந்த பிறகு பதிவு செய்வது எவர்க்கும் எளிதாகிவிட்டது. கைப்பேசி இருந்தால் போதும். எங்கும் பேட்டி, எப்போதும் பேட்டி. ஆனால் எளிதானது பதிவுதான். கேட்பது எளிதாகவில்லை.

இன்றைய நீண்ட உரையாடல்களில் பல, ஒரு நிமிடத் துணுக்காக வெட்டப்படுவதற்கென்றே நடக்கின்றன. அதிர்ச்சியான வாக்கியம் எப்போது வரும் என்று காத்திருக்கும் காதுக்கு, மெல்லத் தெளியும் வாக்கியம் கேட்காது. எவ்வளவு பேர் பின்தொடர்கிறார்கள் என்பதை வைத்து விருந்தினரைத் தேர்ந்தால், ஏற்கெனவே கேட்கப்பட்டவரே மீண்டும் கேட்கப்படுவார். ஏதேனும் ஒரு தளத்தின் தயவில் மட்டும் சேமித்துவைத்தால், கட்டணம் கட்டாத மாதத்திலோ நிறுவனம் கைமாறும் ஆண்டிலோ ஒரு நகரத்தின் குரல் மொத்தமாக மறைந்துபோகும். ஆகவே இந்த வேலையில் இறங்குகிறவர்களிடம் நான் வேண்டுவது இவைதான். பிரமுகரிடம் போங்கள், ஆனால் அவர் எழுதியதைப் படித்துவிட்டு, அவர் இதுவரை சொல்லாத இடத்தில் தொடங்குங்கள். அவர் பேசி முடித்ததும், அவரோடு உழைத்தவர் யார் என்று கேட்டு அடுத்த நாள் அந்த மனிதரிடம் போங்கள். வெட்டாத முழுப் பதிவையும், நாள், இடம், பேசியவரின் சம்மதம் ஆகியவற்றோடு, உங்களுக்குப் பின்னும் நிலைக்கக்கூடிய ஒரு நூலகத்திலோ ஆவணக்காப்பகத்திலோ சேர்த்துவிடுங்கள். ஒரு பிரதியைப் பேசியவர் வீட்டுக்கும் கொடுங்கள்.

பட்டியல் தீர்ந்ததும் நிறுத்திவிடாதீர்கள். அதுவரை பதிவானது, நகரம் தன்னைப் பற்றி ஏற்கெனவே அறிந்திருந்தது. அதற்குப் பிறகு நீங்கள் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறீர்களோ, அங்கிருந்துதான் அது தன்னைப் பற்றி அறியாததைச் சொல்லத் தொடங்கும்.